அலுப்பா, இருதய வருத்தமா?
தோட்டப் பெண்கள் கவனிக்கவேண்டிய ஓர் அறிகுறி

எமது லயங்களில் மாலை ஆறு மணிக்குப் பின்னர் ஆகக் கூடுதலாகக் கேட்கும் சொல் எது என்றால், அது 'அலுப்பு' என்பதாகத்தான் இருக்கும். கூடையை இறக்கி வைக்கும்போது அலுப்பு. அடுப்பைப் பற்றவைக்கும்போது அலுப்பு. பிள்ளை மடுவத்திலிருந்து தூக்கிவந்த பிள்ளையை இஸ்தோப்பில் இறக்கிவிடும்போதும் அலுப்பு. எல்லோரும் சொல்வதால் யாரும் அதைக் காதில் போட்டுக்கொள்வதில்லை. சொல்பவளே போட்டுக்கொள்வதில்லை. சொல்லிக்கொண்டே ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருப்பாள்.

இக்கட்டுரை அந்த ஒரு சொல்லைப் பற்றியது. பெண்களுக்கு வரும் இருதய வருத்தம் பல சமயங்களில் நெஞ்சு வலிக்கு முன்பாக, காரணம் விளங்காத ஓர் அலுப்பாகவே தலைகாட்டுகிறது என்பது இன்று வைத்தியர்கள் ஏற்றுக்கொண்ட விடயம். நகரத்துப் பெண்களுக்கு இதைச் சொல்வது இலகு. "வழக்கத்துக்கு மாறாகக் களைப்பு வந்தால் வைத்தியரிடம் போங்கள்" என்று சொல்லிவிடலாம். விடிகாலை நான்கரை மணிக்கு எழுந்து, தண்ணீர் பிடித்து, விறகு வைத்து, ரொட்டியும் சம்பலும் செய்து, பிள்ளைகளை அனுப்பி, பிரட்டுக்களத்துக்குப் போய், பகல் முழுவதும் சரிவில் நின்று கொழுந்து பறித்து, மூன்று தடவை நிறுவைக்கு நடந்து, திரும்பி வந்து மறுபடியும் அடுப்புக்கு முன்னால் உட்காரும் ஒரு பெண்ணுக்கு இதை எப்படிச் சொல்வது? அவளுக்கு எது வழக்கம், எது வழக்கத்துக்கு மாறானது?

அதைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது என்றே நாம் நினைக்கிறோம். அதற்கு வேண்டிய அளவுகோலும் தோட்டத்திலேயே இருக்கிறது. அதற்கு முன்னர், இருதயத்துக்கும் அலுப்புக்கும் என்ன சம்பந்தம் என்பதைச் சற்றுப் பார்ப்போம்.

இருதயம் களைத்தால் கால் ஏன் ஓய்கிறது?

இருதயம் தசையால் ஆன ஒரு பம்பி. ஸ்டோருக்குத் தண்ணீர் ஏற்றும் பம்பியைப் போல அது இரவும் பகலும் ஓய்வில்லாமல் இரத்தத்தைத் தள்ளிக்கொண்டிருக்கிறது. உடம்பு முழுவதற்கும் இரத்தம் அனுப்பும் இருதயத்தின் சொந்தத் தசைக்கும் இரத்தம் வேண்டும். அதைக் கொண்டுவரும் குழாய்கள் இருதயத்தின் மேற்புறத்தில் கிளை பிரிந்து ஓடுகின்றன. இக்குழாய்களின் உட்சுவரில் கொழுப்புப் படிந்து வழி ஒடுங்கும்போது, சும்மா இருக்கும் நேரத்தில் ஒன்றும் தெரியாது. மேட்டில் ஏறும்போதும், பாரம் தூக்கும்போதும்தான் தசைக்கு இரத்தம் போதாமற் போகிறது. முற்றாக அடைபட்டால் அந்தப் பகுதித் தசை செத்துப்போகிறது. இதைத்தான் மாரடைப்பு என்கிறோம். நமது பேச்சில் நெஞ்சடைப்பு.

இரத்தம் போதாத இருதயம் முன்போலப் பலமாகத் தள்ளமாட்டாது. அதனால் கைகால் தசைகளுக்குப் போகும் இரத்தமும் குறைகிறது. காலில் ஒரு குறையும் இல்லாமலே கால் ஓய்ந்துபோவது இதனால்தான். தள்ளப்படாத இரத்தம் பின்னால் தேங்கும்போது நுரையீரலில் நீர் கோத்து மூச்சு வாங்குகிறது. படுத்தால் மூச்சு முட்டி, எழுந்து உட்கார்ந்தால் சற்றுத் தேவலை என்று ஆகிறது. மாலையில் கணுக்கால் வீங்கி, விரலால் அழுத்தினால் குழி விழுகிறது.

பெண்களின் விடயத்தில் இன்னொன்றும் உண்டு. பெரிய குழாயில் ஓர் அடைப்பு என்றில்லாமல், கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய குழாய்கள் சரியாக விரியாமல் இரத்தம் குறைவது ஆண்களைவிடப் பெண்களிடம் கூடுதலாகக் காணப்படுகிறது. இப்படியான நிலையில், சினிமாவில் காட்டுவதுபோல நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழும் காட்சி நடைபெறாமலே போகலாம். இருதயத்திலிருந்து வரும் நரம்புகளும், தோள், கை, முதுகு, தாடை ஆகியவற்றிலிருந்து வரும் நரம்புகளும் முதுகுத் தண்டில் ஒரே இடத்தில் வந்து சேர்வதால், நோவு நெஞ்சை விட்டுவிட்டு அந்த இடங்களில் தெரிவதுமுண்டு. கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டிப் பாரம் இழுக்கும் பெண் ஒருத்திக்குத் தோளும் கழுத்தும் நோவது புதினமா என்ன? ஆகவே இந்த அறிகுறியும் கூடையின் கணக்கில் சேர்ந்துவிடுகிறது. நீண்டகாலம் சீனி வருத்தம் உள்ளவர்களுக்கோ நரம்புகளே மந்தமாகிவிடுவதால் நோவு தெரியாமலும் போகலாம்.

515 பெண்கள் சொன்னது

2003ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த ஜீன் மெக்ஸ்வீனி என்ற தாதியியல் பேராசிரியையும் அவரது குழுவினரும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். மாரடைப்பு ஏற்பட்டுப் பிழைத்த 515 பெண்களை அவர்கள் விசாரித்திருந்தார்கள். "மாரடைப்பு வருவதற்கு ஒரு மாதத்துக்கு முன்னரும் அதற்கு முன்பும் உங்கள் உடம்பில் புதிதாக ஏதாவது இருந்ததா?" என்பதே முக்கியமான கேள்வி. நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேர் ஆம் என்றார்கள். அவர்கள் ஆகக் கூடுதலாகச் சொன்னது வழக்கத்துக்கு மாறான களைப்பு. நூற்றுக்கு 70 பேருக்கும் சற்று அதிகமானோர் இதைச் சொன்னார்கள். அடுத்ததாக ஏறக்குறைய 48 பேர் தூக்கம் கெட்டதைச் சொன்னார்கள். மூச்சு வாங்கியதைச் சொன்னவர்கள் 42 பேர். நெஞ்சில் ஏதோ ஒரு தொந்தரவு இருந்ததென்று சொன்னவர்கள் நூற்றுக்கு 30 பேருக்கும் குறைவு. மாரடைப்பு வந்த அந்த நேரத்திலேயே நெஞ்சு நோவு இருக்கவில்லை என்றவர்கள் 43 பேர்.

இந்தக் கணக்கைத் தலைகீழாக வாசித்துவிடக் கூடாது. மாரடைப்பு வந்தவர்களில் பெரும்பாலானோருக்கு முன்கூட்டியே களைப்பு இருந்தது என்றால், களைப்புள்ளவர்களில் பெரும்பாலானோருக்கு மாரடைப்பு வரும் என்று பொருளாகாது. மேலும், பிழைத்தவர்களிடம் மட்டுமே கேட்க முடிந்தது. நடந்து முடிந்த பின்னர் நினைவிலிருந்து சொன்னார்கள். அவர்கள் அமெரிக்கப் பெண்கள். நம் மலைகளில் யாரும் இப்படிப் போய்க் கேட்டு எண்ணியதாக நாம் காணவில்லை. எனினும் அந்தப் பெண்கள் களைப்பை விவரித்த விதம் நமக்குப் பயன்படும். 'உழைத்ததால் வந்த களைப்பு' என்று அவர்கள் சொல்லவில்லை. நேற்று வரை செய்த வேலையை இன்று செய்ய முடியவில்லை, தூங்கி எழுந்தும் தீரவில்லை என்ற மாதிரியான களைப்பு அது.

மலையும் தராசும்

இப்போது நாம் முன்பு சொன்ன அளவுகோலுக்கு வருவோம்.

பெரிய வைத்தியசாலைகளில் இருதயத்தைச் சோதிக்க ஓர் இயந்திரம் வைத்திருக்கிறார்கள். ஓடும் பட்டியொன்றில் நோயாளியை நடக்கவிட்டு, சில நிமிடங்களுக்கு ஒரு தடவை பட்டியின் சரிவையும் வேகத்தையும் கூட்டுவார்கள். எந்தச் சரிவில் மூச்சு வாங்குகிறது, எந்த வேகத்தில் ஈ.சி.ஜி. கோடு மாறுகிறது என்று பார்ப்பார்கள். வேலை கூடும்போதுதான் இருதயத்தின் குறை வெளியே தெரியும் என்பதே இதன் தத்துவம்.

தோட்டப் பெண்ணோ இந்தச் சோதனையை வாரத்தில் ஆறு நாள் செய்கிறாள். அதே லயம், அதே குறுக்குப் பாதை, அதே படிகள், அதே மலை. பத்து வருடமாக ஏறும் பாதை. எந்த வளைவில் மூச்சு விட நிற்போம் என்பது அவளுக்குத் தெரியும். கோயிலடியில் ஒரு தடவை நின்று போனவள் இப்போது கோயிலுக்கு முன்பே இரண்டு தடவை நிற்கிறாளா? கூட்டத்தோடு முன்னால் போனவள் கடைசி ஆளாக வருகிறாளா? "நீங்க போங்க, நான் பின்னால வாறேன்" என்று சொல்வது எப்போதிருந்து? ஆறு மாதமாகவா, மூன்று வாரமாகவா? வைத்தியர் ஒருவர் கேட்கக்கூடிய மிகப் பெறுமதியான கேள்விகள் இவைதான். பதில் அவளிடமும் அவளோடு நடக்கும் பெண்களிடமும் இருக்கிறது.

இரண்டாவது அளவுகோல் தராசு. நிறை கணக்கு நாள்தோறும் எழுதப்படுகிறது. பேருக்கு இத்தனை கிலோ என்பது தோட்டத்துக்குத் தோட்டம், பருவத்துக்குப் பருவம் மாறும். பல இடங்களில் 18 கிலோ என்கிறார்கள். கொழுந்து குறைந்த மாதத்தில் எல்லோருக்கும் குறையும், அதில் புதினமில்லை. ஆனால் அதே மலையில், அதே வாரத்தில், பக்கத்து நெரையில் நிற்பவளுக்குக் குறையாமல், எப்போதும் இருபதுக்கு மேல் பறித்த ஒருத்திக்கு மட்டும் பதினாறு, பதினான்கு என்று இறங்கிக்கொண்டே போனால், அவளுடைய உடம்பில் என்னவோ நடக்கிறது. என்ன என்பது வேறு விடயம். இரத்தக் குறைவாக இருக்கலாம், சீனியாக இருக்கலாம், மனக் கவலையாக இருக்கலாம், இருதயமாகவும் இருக்கலாம். எதுவென்றாலும் தராசு பொய் சொல்வதில்லை.

துக்கமான விடயம் என்னவென்றால், இந்த இறக்கம் இன்று ஒரே விதமாகத்தான் வாசிக்கப்படுகிறது: 'வேலை செய்யவில்லை' என்று. அரைப்பேர் விழுகிறது. ஏச்சு விழுகிறது. அரைப்பேருக்குப் பயந்து, முடியாதவள் இன்னும் வேகமாக ஏறுகிறாள். பகல் சாப்பாட்டை விட்டுப் பறிக்கிறாள். நிறை எழுதுபவர்களும் கங்காணிமாரும் இதை வாசித்தால் அவர்களிடம் ஒரு வேண்டுகோள்: ஒரு பெண்ணின் நிறை இரண்டு மூன்று வாரமாகத் தொடர்ந்து இறங்கினால், ஏசுவதற்கு முன்பு "உடம்புக்கு என்னம்மா?" என்று ஒரு தடவை கேளுங்கள். பதிலைக் கேட்டுத் தோட்ட டிஸ்பென்சரிக்குத் துண்டு எழுதிக் கொடுங்கள்.

எல்லா அலுப்பும் இருதயம் இல்லை

பயமுறுத்துவது எமது நோக்கமில்லை. தோட்டப் பெண்களின் அலுப்புக்குப் பெரும்பாலும் காரணமாக இருப்பது இரத்தக் குறைவு. மாதவிடாயில் போகும் இரத்தம், அடுத்தடுத்த பிள்ளைப்பேறு, இறைச்சியும் மீனும் கீரையும் குறைந்த சாப்பாடு, சாப்பிட்ட கையோடு குடிக்கும் தேயிலைச் சாயம் எல்லாம் இதில் சேர்கின்றன. (நாம் பறித்து உலகத்துக்கு அனுப்பும் தேயிலையே சோற்றோடு சேரும்போது இரும்புச்சத்து உடம்பில் சேராமல் தடுக்கிறது. சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் குடித்தால் அந்தக் குறை பெரும்பாலும் இராது.) கழுத்துச் சுரப்பி மந்தமாவதாலும் அலுப்பு வரும். சீனி வருத்தம் தொடங்கும்போதும் வரும். புருஷன் குடித்துவிட்டு அடிக்கும் வீட்டில் இருப்பவளுக்கும் வரும். அதற்கு எந்தக் குளிசையும் இல்லை.

ஆனால் இங்கேதான் ஒரு பொறி இருக்கிறது. "தோட்டத்துப் பெண், அலுப்பு என்கிறாள், இரத்தக் குறைவுதான்" என்று தீர்மானித்து, இரத்தத்தைச் சோதிக்காமலே மாதக்கணக்காக இரும்புக் குளிசை கொடுப்பதை நாம் கண்டிருக்கிறோம். கண் இமையை இழுத்துப் பார்ப்பது மட்டும் போதாது. இரத்தச் சோதனை செய்து குறைவு என்று தெரிந்தால் குளிசை எடுக்கவேண்டும். இரண்டு மாதத்தில் இரத்தம் ஏறியும் அலுப்புத் தீரவில்லையென்றால், காரணம் வேறு. இரத்தம் மிகவும் குறைந்தவளின் இருதயம் அந்தக் குறையை ஈடுசெய்யக் கூடுதலாக ஓடவேண்டியிருப்பதால், இரண்டும் ஒன்றாக இருப்பதும் நடக்கக்கூடியதே. ஒன்றைக் கண்டதும் மற்றதை மறந்துவிடக் கூடாது.

இளம் பெண்களைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். இருபது, இருபத்தைந்து வயதுப் பெண்ணுக்கு மேட்டில் மூச்சு வாங்கினால் மாரடைப்பைவிட வேறொன்றை முதலில் நினைக்கவேண்டும். சிறு வயதில் தொண்டை நோவு வந்து, சில வாரங்களின் பின் முழங்கால், முழங்கை என்று மூட்டுக்கு மூட்டு மாறி வீங்கிக் காய்ச்சல் அடித்த பிள்ளைகளை நமக்குத் தெரியும். 'வாதக் காய்ச்சல்' என்று கைமருந்து செய்து விட்டுவிடுவோம். மூட்டு சுகமாகிவிடும். ஆனால் அந்தக் காய்ச்சல் இருதயத்தின் வால்வுகளைக் கெடுத்துவிட்டுப் போயிருக்கலாம். சனம் நெருங்கி வாழும் இடங்களில் தொண்டை நோய் இலகுவாகப் பரவும். ஒரு காம்பராவில் ஆறு பேர் படுக்கும் லயத்தைவிட நெருக்கம் எங்கே இருக்கிறது? கெட்ட வால்வு பல வருடம் சத்தமில்லாமல் இருந்து, அவள் கர்ப்பமானதும் வெளிப்படுகிறது. ஏனெனில் கர்ப்ப காலத்தில் உடம்பில் இரத்தத்தின் அளவு ஏறக்குறைய அரைப்பங்கு கூடுகிறது. ஒடுங்கிய வால்வு வழியாக அது போகமுடியாது தேங்குகிறது. இலங்கையில் தாய் மரணங்களுக்கான பிரதான காரணங்களில் இருதய நோயும் ஒன்று. ஆகவே கர்ப்பிணிக்கு மூச்சு வாங்கினால் "வயித்துப் பிள்ளைக்காரிக்கு அப்படித்தான்" என்று மாமியார் சொல்வதை மட்டும் கேட்டுக்கொண்டு இருக்கவேண்டாம். மருத்துவமாதுவிடம் சொல்லி, சிறு வயதில் மூட்டுக் காய்ச்சல் வந்ததையும் சொல்லவேண்டும். இந்நோய் கண்டவர்களுக்கு மூன்று நான்கு வாரத்துக்கு ஒரு தடவை பெனிசிலின் ஊசி பல வருடம் போடுவார்கள்; அந்த ஊசியை இடையில் விடக் கூடாது.

யார் கூடுதலாகக் கவனிக்கவேண்டும்?

நாற்பதைத் தாண்டியவர்கள், அதிலும் மாதவிடாய் நின்றவர்கள். சீனியும் பிரஷரும் உள்ளவர்கள். கர்ப்ப காலத்தில் பிரஷர் ஏறிக் கைகால் முகம் வீங்கியவர்களும், அப்போது சீனி கண்டவர்களும். பிள்ளை பிறந்ததும் அது தீர்ந்துவிட்டது என்று நினைத்திருப்பார்கள், ஆனால் பின்னாளில் இருதய வருத்தம் வரும் சாத்தியம் மற்றவர்களைவிட இவர்களுக்கு அதிகம். தகப்பனோ தாயோ கூடப் பிறந்தவர்களோ இளவயதில் நெஞ்சடைப்பில் போனவர்கள். வெற்றிலையோடு புகையிலை சேர்ப்பவர்கள். குளிருக்கும் மழைக்கும் இதமென்று புகையிலையை வாயில் அடக்கிக்கொள்ளும் பழக்கம் மலையில் பரவலாக உண்டு. சுருட்டைப் போலவே இதுவும் இருதயத்தைத் தாக்கும். புகை போக வழியில்லாத குசினியில் ஈர விறகோடு காலம் கழிப்பதும் கேடுதான்.

இலங்கை உட்பட 52 நாடுகளில் நடத்தப்பட்டு 2004இல் வெளியான இன்டர்ஹார்ட் என்ற பெரிய ஆய்வில், தெற்காசியாவைச் சேர்ந்தவர்களுக்கு முதலாவது மாரடைப்பு மற்ற நாட்டவரைவிட ஐந்தாறு வருடம் முந்தியே வருவதாகக் கண்டார்கள். பெண்களுக்கு ஆண்களைவிடச் சராசரியாக ஒன்பது வருடம் பிந்தி வருகிறது. இந்தப் பிந்தியதை வைத்துத்தான் 'இது ஆம்பிளைகளின் வருத்தம்' என்ற எண்ணம் ஊரில் உறுதியாகிவிட்டது. 'மெலிந்த உடம்புக்கு வராது', 'மலை ஏறுகிறவளுக்கு வராது' என்பனவும் அதே இனம். நடப்பதும் ஏறுவதும் இருதயத்துக்கு நல்லது என்பது மெய்தான். ஆனால் பிரஷரையும் சீனியையும் கவனிக்காமல் விட்ட உடம்பை மலை மட்டும் காப்பாற்றிவிடாது.

டொக்டரிடம் எப்படிச் சொல்வது?

'அலுப்பா இருக்கு' என்று மட்டும் சொன்னால் பனடோலும் விற்றமினும்தான் கிடைக்கும். அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. ஒரு காலையில் நூறு பேரைப் பார்ப்பவருக்கு அந்தச் சொல்லிலிருந்து ஒன்றும் விளங்காது. மாற்றத்தைச் சொல்லவேண்டும். "போன தைப்பொங்கலுக்கு இருபது கிலோ பறிச்சேன் ஐயா, இப்ப பதினஞ்சுக்கு மேல முடியல. மேட்டு லயத்துக்கு ஏற நாலு தரம் நிக்கிறேன். ராத்திரி படுத்தா மூச்சு முட்டுது. மூணு வாரமா இப்படி." இந்த நான்கு வசனமும் எந்த வைத்தியரையும் நிமிர்ந்து உட்கார வைக்கும். நிறைத் துண்டுகளைக் கையில் கொண்டுபோனால் இன்னும் நல்லது.

அரசாங்க வைத்தியசாலையில் தமிழ் தெரியாத வைத்தியரைச் சந்திக்க நேரலாம். சிங்களத்தில் 'மஹன்சி' என்றால் களைப்பு. அதை மட்டும் சொல்லாமல், மூச்சு வாங்குவதற்கான 'ஹத்தி' என்ற சொல்லையும், நெஞ்சைக் குறிக்கும் 'பப்புவ' என்ற சொல்லையும் தெரிந்துவைத்துக்கொள்வது உதவும். படிக்கும் மகளையோ மகனையோ அழைத்துப் போகலாம். ஆனால் மாதவிடாய், பிள்ளைப்பேறு பற்றிய கேள்விகளுக்கு மகனை வைத்துக்கொண்டு பதில் சொல்ல எந்தத் தாய்க்கும் வாய் வராது. பக்கத்து லயத்து அக்காவை அழைத்துப் போவதே மேல்.

பிரஷர், சீனி, இரத்தம், ஈ.சி.ஜி. ஆகியவற்றைப் பார்க்கும்படி கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. 35 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குப் பிரஷரையும் சீனியையும் இலவசமாகச் சோதிக்கும் ஆரோக்கிய வாழ்க்கை நிலையங்கள் அரசாங்க வைத்தியசாலைகளில் இயங்குகின்றன. பெண்களுக்கென 1996 முதல் நடைபெறும் சுவநாரி கிளினிக்கிலும் பிரஷர் பார்ப்பார்கள். எந்த நாளில் என்று மருத்துவமாதுவைக் கேட்டால் தெரியும். பெரும்பாலும் வேலை நாளின் காலையிலேயே இவை நடைபெறுவதால், அன்றைய பேரை இழந்துதான் போகவேண்டியிருக்கிறது. தொழிற்சங்கங்கள் நாட்சம்பளத்தைப் பற்றிப் பேசும்போது, வருடத்தில் ஒரு நாள் சம்பளத்தோடு சோதனைக்குப் போகும் உரிமையையும் சேர்த்துக் கேட்டால் என்ன?

இராத்திரியில் நடந்தால்

மேலே சொன்னவை நாட்கணக்கில் பார்க்கக்கூடியவை. சில நேரங்களில் நாளைக்கு என்று சொல்ல முடியாது. நெஞ்சில் பாரம் வைத்ததுபோல் அழுத்தம், அல்லது நெஞ்சில் ஒன்றுமில்லாமலே திடீரென்று குளிர்ந்த வியர்வை, வாந்தி உணர்வு, மூச்சுத் திணறல், தாடைக்கோ தோளுக்கோ முதுகுக்கோ ஏறும் நோவு, எழுந்து நிற்க முடியாத சோர்வு. இவற்றில் இரண்டு மூன்று சேர்ந்து வந்து, உட்கார்ந்து ஓய்ந்தும் பத்து நிமிடத்தில் போகவில்லையென்றால் அது அவசரம். 'வாய்வு' என்று சொல்லி இஞ்சிச் சாறு காய்ச்சிக்கொண்டிருக்க வேண்டாம். வாய்வாகவே இருந்தாலும் வைத்தியசாலைக்குப் போய் அதைத் தெரிந்துகொண்டு திரும்பி வருவதில் நட்டமில்லை.

அவளை நடக்கவிடாதீர்கள். ரோட்டு வரை ஏறி வந்துதான் வாகனம் பிடிக்கவேண்டும் என்றால் கதிரையில் உட்காரவைத்து நான்கு பேர் தூக்குங்கள். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் வரும், பணம் கேட்கமாட்டார்கள். 2016இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கிய இச்சேவை பின்னர் நாடு முழுவதற்கும் விரிவாக்கப்பட்டது. அழைக்கும்போது தோட்டத்தின் பெயரோடு டிவிஷன், பக்கத்து டவுன், ரோட்டில் எந்த இடத்தில் ஆள் நிற்கும் என்பதையும் சொல்லவேண்டும். மூடுபனியில் டோர்ச் லைட்டோடு ஒரு பையன் சந்தியில் நிற்கட்டும். தோட்ட ரோட்டைப் பற்றி நாம் சொல்லத் தேவையில்லை. அம்புலன்ஸ் ஏற முடியாத டிவிஷன்கள் உண்டு. அங்கெல்லாம் ஓட்டோ வைத்திருப்பவரின் இலக்கமும், தோட்டத்து லொறியை இராத்திரியில் யாரிடம் கேட்கவேண்டும் என்பதும் கோயில் சுவரிலோ வாசிகசாலையிலோ எழுதி ஒட்டியிருக்கவேண்டும். மாதர் சங்கம் ஒரு பின்னேரத்தில் செய்து முடிக்கக்கூடிய வேலை இது.

நேரம் ஏன் இவ்வளவு முக்கியம்? இருதயக் குழாயில் அடைத்த இரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்து உண்டு. முதல் ஓரிரு மணி நேரத்தில் கொடுத்தால் தசையின் பெரும்பகுதியைக் காப்பாற்றலாம். நேரம் போகப் போகப் பலன் குறைந்து, பன்னிரண்டு மணி நேரத்துக்குப் பின் அனேகமாக இல்லாமற் போகிறது. இரவு பத்து மணிக்குத் தொடங்கிய வருத்தத்தை "விடியட்டும் பார்ப்போம்" என்று விட்டு, காலையில் பிரட்டு முடிந்து வாகனம் தேடினால் அந்த மணித்தியாலங்கள் போய்விடும். ஹட்டன் பக்கத்தவர்களுக்கு டிக்கோயா கிளங்கன் ஆதார வைத்தியசாலை, இராகலை, நானுஓயாப் பக்கத்தவர்களுக்கு நுவரெலியா வைத்தியசாலை என்று முதலில் போய்ச் சேரவேண்டும். அங்கு ஈ.சி.ஜி. எடுத்து, தேவையானால் கண்டிக்கு அனுப்புவார்கள்.

கிளினிக்கில் பார்த்து "ஒன்றுமில்லை" என்று திருப்பி அனுப்பப்பட்டவர்களுக்கும் ஒரு வார்த்தை சொல்லவேண்டும். கட்டிலில் படுத்திருக்கும்போது எடுக்கும் ஈ.சி.ஜி. சரியாக இருந்தாலும், மலை ஏறும்போது இருதயம் என்ன செய்கிறது என்பதை அது காட்டாது. இரண்டு வாரம் பாருங்கள். அதே வளைவில் அதே மூச்சு வாங்கினால், தராசும் ஏறவில்லையென்றால், பழைய துண்டையும் எடுத்துக்கொண்டு மறுபடியும் போங்கள். முதல் தடவை எத்தனை கிலோ, இப்போது எத்தனை கிலோ என்று சொல்லுங்கள்.